வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல்: இடர்க்காலத்தில் நம்பிக்கையின் இயல்பு

முன்னுரை

துன்பமும் தனிமையும் ஒருசேர வந்துறும் காலத்தில் மனிதன் நம்பிக்கையைக் காக்கின்றானா, அன்றி நம்பிக்கை அவனைக் காக்கின்றதா என்பது சமயத்திற்கும் அறவியலுக்கும் பொதுவான வினாவாகும். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்திற்கு (1894) முதனூலாக அமைந்தது ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' (1678). அந்நூலையும் அதன் ஆசிரியர் பட்ட சிறைவாழ்வையும் முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சொல்லும் பொருளும்

உலக வழக்கில் 'நம்பிக்கை' என்பது பலபொருள் தரும் ஒரு சொல். கிறித்தவத் தமிழோ இதனை இரண்டாகப் பகுத்துக் காண்கின்றது. பழைய மொழிபெயர்ப்பு 'விசுவாசம்', 'நம்பிக்கை' என்று கூறுவதை 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு 'நம்பிக்கை', 'எதிர்நோக்கு' என்று கூறும். இவ்விரண்டிற்கும் அடிப்படையாக நிற்பது 'வாக்குத்தத்தம்' என்னும் சொல். தத்தம் என்பது கொடுக்கப்பட்டது. எனவே கிறித்தவர் பற்றிநிற்பது தம் மனம் படைத்துக்கொண்டதன்று. பிறர் ஒருவர் கொடுத்த வாக்கு என்பது இச்சொல்லால் பெறப்படும்.

பெட்ஃபோர்டுச் சிறை

உரிமமின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக 1660இல் சிறைப்பட்ட பனியன், பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையிலிருந்தார். இனி உரையாற்றுவதில்லை என்று உறுதி கூறியிருப்பின் விடுதலை பெற்றிருக்கலாம். அவர் மனைவி எலிசபெத் நீதிபதிகள்முன் நின்று வாதாடியும் பயன் விளையவில்லை. சிறையிலிருந்தே காலணிக் கயிறுகள் செய்து அவர் குடும்பத்தைத் தாங்கினார்.

இக்காலத்தில் எழுதப்பெற்ற தன்வரலாற்றில் (1666) அவர் தம் அச்சத்தை மறைக்கவில்லை. தூக்குமேடையில் கால் நடுங்கித் தம் நெறிக்கு இழுக்குத் தேடிவிடுவோமோ என்று கலங்குகின்றார். இறைவனின் ஆறுதல் சிறிதும் தம் உள்ளத்தில் உணரப்படவில்லை என்கின்றார். ஆயினும், ஆறுதல் கிட்டினும் கிட்டாவிடினும் நெறி பிறழ்வதில்லை என்று துணிகின்றார். ஆறுதல் உணர்வு அற்றுப்போன நிலையிலும் பற்று அறவில்லை. எனவே நம்பிக்கை ஓர் உணர்ச்சியன்று, ஒரு நிலைப்பாடு எனலாம்.

ஐயக்கோட்டை

இவ்வனுபவமே நூலில் உருவகமாக விரிகின்றது. வழி கரடாக இருந்தமையால் எளிய பாதையில் விலகிச்சென்ற இரு பயணியர், அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் புதன்கிழமை முதல் சனிக்கிழமை வரை உணவும் ஒளியுமின்றி அடைபடுகின்றனர். தற்கொலை புரியுமாறு அரக்கன் தூண்டுகின்றான். கதைத்தலைவன் அதற்கு இணங்கும் நிலையை எய்துகின்றான். தடுப்பவன் உடனிருக்கும் தோழன். இரவெல்லாம் வேண்டுதல் செய்தபின், விடியும் வேளையில், தன் மார்பகத்தே வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் இருப்பது தலைவனுக்கு நினைவு வருகின்றது.

ஈண்டு இரண்டு கருதத்தக்கன. திறவுகோல் முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது, மறதியே சிறையாயிற்று. நினைவு வரும்வரை உயிரைக் காத்தது திறவுகோலன்று, தோழனின் சொல். தனிமையில் தளர்ந்தவனிடம் 'நம்பிக்கை கொள்' என்று மட்டும் கூறி அகல்வது அறமாகாது. அவனுடன் இருளில் அமர்வதே அறம் என்பது இதனால் பெறப்படும்.

ஒரு தடை

பனியனின் உறுதிக்கு விலை கொடுத்தவர் அவர் மட்டுமல்லர். பார்வையற்ற மூத்த மகளை எண்ணி அவர் நெஞ்சுருகியதைத் தன்வரலாறு காட்டுகின்றது. ஒருவர் நம்பிக்கைக்காக ஒரு குழந்தை துன்புறுதல் தகுமா? இவ்வினாவிற்கு அவர் வாழ்வு முழு விடை தரவில்லை என்றே கூறவேண்டும். எனினும் அவர் அவ்விலையை மறுக்கவோ மறைக்கவோ இல்லை. அதன் சுமையைக் கைத்தொழிலால் இயன்றவரை தாங்கினார். பிறர் துன்பத்தைக் காணமறுக்கும் நம்பிக்கை வெறியாகும். கண்டு வருந்தும் நம்பிக்கையே அறத்தொடு பொருந்தும்.

நிறைவுரை

கதையில் திறவுகோல் கதவைத் திறந்தது; வாழ்வில் அவ்வாறு நிகழவில்லை. 1672இல் பனியன் விடுதலையானது அரசின் கொள்கை மாற்றத்தால். பின்னரும் ஒருமுறை அவர் சிறைப்பட்டார். எனவே நம்பிக்கை விடுதலைக்கு உத்தரவாதமாகாது. உரையாற்றேன் என்னும் உறுதிமொழியும் ஒரு திறவுகோலே. அதனைக் கொடுத்திருப்பின் சிறைக்கதவு திறந்திருக்கும். தாம் கொடுக்க மறுத்த வாக்கினும் தமக்குக் கொடுக்கப்பட்ட வாக்கே பெரிதென்று அவர் கொண்டார். இடர்க்காலத்தில் நம்பிக்கையைப் பற்றிநிற்றல் என்பது இத்தேர்வை நாள்தோறும் புதுப்பித்தலேயாகும்.