ஏற்ற வேடமும் இட்ட வேடமும்

மனிதன் தான் அல்லாத இன்னொருவனாகச் சில மணி நேரம் நிற்பது நன்றா, தீதா என்னும் வினா மிகப் பழையது. காவலராக வளர்க்கப்படும் இளைஞர் கோழையரையும் இழிந்தோரையும் போல நடித்துப் பழகலாகாது எனப் பிளேட்டோ தமது ‘குடியரசு’ என்னும் நூலில் வாதிடுகின்றார். நடிப்பு பழக்கமாகும், பழக்கம் இயல்பாகும் என்பது அவரது அச்சம். அவருடைய மாணாக்கரான அரிஸ்டோட்டிலோ, போலச்செய்தல் மனிதனுக்குச் சிறுபருவம் முதலே இயல்பாக அமைந்தது என்றும், தன் முதற்பாடங்களை அவன் அதன் வழியாகவே கற்கின்றான் என்றும் கூறினார். இருவரது கருத்தும் முரண்படினும் இருவரும் வேடத்தை ஏற்பவனையே நோக்கினர். ஆனால், வேடத்தை ஏற்பவன் ஒருவன் உளன் எனின் அதனை வகுத்துக் கொடுப்பவன் ஒருவனும் உளன். பிறருக்கு வேடம் தந்து ஓர் இரவு அவர்களை வழிநடத்துபவன் அவர்களுக்குப் பட்டுள்ள கடன் யாது? இவ்வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இவ்வினா மிகத் தெளிவாக எழும் களங்களுள் ஒன்று மேசை வேட விளையாட்டு. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். இதில் அரங்கில்லை, ஒப்பனையில்லை, மனனம் செய்த வசனமும் இல்லை. மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் ஒருவர் சூழ்நிலையை விவரிப்பார். ‘நீ என்ன செய்கின்றாய்?’ என்று அவர் வினவ, ஏற்ற பாத்திரத்தின் நிலையில் நின்று ஒவ்வொருவரும் விடை கூறுவர். ஐயத்துக்குரிய செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். இவ்வகையில் அனைவரும் கூடியே ஒரு கதையை ஆக்குவர்.

நண்பர் குழுக்கள் இத்தகைய ஆட்டத்தை மாதக்கணக்கில் தொடர்வதுண்டு. ஆயின் விளையாட்டு மாநாடுகளில் நிலைமை வேறு. 1968இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் தொடங்கிய ‘ஜென் கான்’ போன்ற மாநாடுகளில், ஒருவரையொருவர் அறியாத ஐந்தாறு பேர் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு ஒரு மேசையில் கூடுவர். அதே நேரத்துள் கதை தொடங்கி முடிதலும் வேண்டும். ஆகையால் நடத்துநர் பாத்திரங்களை முன்னரே வகுத்து எழுதிக்கொண்டு வருவார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு திறமை, ஒரு வேட்கை, ஏனையோருடன் சேர்ந்து செல்வதற்கு ஒரு காரணம் ஆகியன அமைந்திருத்தல் வேண்டும். நீண்ட பீடிகை கூடாது. இக்கட்டின் நடுவிலேயே கதை தொடங்குதல் நன்று. நேரம் குறைந்தால் எக்காட்சியை விடலாம், எதனை விடவே முடியாது என்பதையும் அவர் முன்கூட்டியே எண்ணியிருத்தல் அவசியம்.

இவை வெறும் உத்திகள் போலத் தோன்றலாம். ஆயினும் மலையகத்தின் காமன் கூத்தை அருகில் வைத்து நோக்குமிடத்து, இவ்வுத்திகளின் அடியில் ஓர் அறம் கிடப்பது புலனாகும்.

அட்டன், நுவரெலியா முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாத வளர்பிறையில் காமன் ஊன்றப்படும். கரும்பு முதலியன சேர்த்துக் கட்டிய கம்பம் நடப்பட்ட நாள் முதல் அவ்விடம் புனிதமான களமாகக் கருதப்படும். ரதியும் மன்மதனும் லயந்தோறும் சென்று ஆடுவர். தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிப்பதும், ரதியின் புலம்பலுக்கு இரங்கி அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுமாறு அவனை உயிர்ப்பிப்பதும் கதையின் முடிவாகும். இறுதி இரவில் இந்திரன், தக்கன், தூதன், வீரபத்திரன், எமன் எனப் பல வேடங்கள் தப்பொலியோடு களத்துக்கு வந்து விடியும் வரை ஆடுவது வழக்கம்.

இவ்வேடங்களைப் பூணுவோர் தொழில்முறைக் கலைஞர் அல்லர். பகலில் கவ்வாத்து வெட்டியவரும் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றவருமே இரவில் தேவராகின்றனர். அவர்களைப் பயிற்றி, யாருக்கு எவ்வேடம் பொருந்தும் எனத் தேர்ந்து, எவ்வேடம் எப்பொழுது களத்தில் இறங்க வேண்டும் என வகுப்பவர் ‘மாஸ்டர்’ அல்லது ‘வாத்தியார்’ என்று அழைக்கப்படும் மூத்த கலைஞர். விஸ்கான்சினில் மேசையின் தலைப்பில் அமர்ந்திருப்பவரும் தோட்டத்துப் பொட்டலில் நிற்கும் மாஸ்டரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் இருவர் கையிலும் இருப்பது ஒரே பொறுப்பு. சாதாரண மனிதர் சிலரைக் குறித்த ஒரு பொழுதுக்கு வேறொருவராக்கி, அப்பொழுது முடிந்ததும் அவர்களை அவர்களாகவே திருப்பி அனுப்புவதே அது.

இப்பொறுப்பின் கனத்தை உணரத் தோட்டத்தின் பகற்பொழுதையும் நோக்குதல் வேண்டும். பகலும் வேடங்களால் ஆனதே. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிறுத்தப்பட்டு வேலைக்குப் பிரிக்கப்படுகின்றனர். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, கொழுந்து பறிப்பவள் என ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும், அவ்விடத்துக்குரிய பேச்சும், நிற்கும் முறையும் வகுக்கப்பட்டுள்ளன. ஒரு நாட் கூலியைத் தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறியாதவளுக்கு ‘அரைப் பேர்’ போடுவதும் வழங்கி வந்துள்ளது. ஒருவர் பெயரே பாதியாகும் என்னும் இச்சொல்லாட்சி ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. பகலின் வேடத்தில் ஆள் முழுமையாகக் கணக்கில் வருவதற்கும் எடைத் தராசின் அனுமதி தேவைப்படுகின்றது.

தோட்டத்துக்கு வெளியேயும் இவ்வகை வேடம் இடப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் எண்களாற் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்வொப்பந்தங்கள் ஆக்கப்பட்டபோது, இந்தியர் எனவும் இலங்கையர் எனவும் வகுக்கப்பட்ட மக்கள் அவற்றை வகுத்தோர் அவையில் இருந்தாரல்லர்.

எனவே வேடம் இரு வகைப்படும் எனலாம். ஒன்று ஏற்ற வேடம். மற்றது இட்ட வேடம். இவற்றை வேறுபடுத்துவது யாது? ‘கூத்து பொய், வேலை மெய்’ என்பது விடையாகாது. நோன்பிருந்து காப்புக் கட்டி ரதியாகி அழுபவனின் கண்ணீரைப் பொய்யெனத் தள்ளுதல் எளிதன்று.

முடிவு முன்னரே தெரிந்திருப்பதும் தெரியாதிருப்பதுமே வேறுபாடு என்று சிலர் கருதக்கூடும். மேசை விளையாட்டில் முடிவு திறந்திருக்கின்றது, ஆகவே ஆடுபவன் சுதந்திரமுடையவன். கூத்தில் மன்மதன் எரிந்தே தீர வேண்டும், ஆகவே ஆடுபவன் கட்டுண்டவன் என்பது அவர்தம் வாதம். இவ்வாதமும் நிலைபெறாது. மாநாட்டு மேசையிலும் முடிவு பெரும்பாலும் குறிக்கப்பட்டே உள்ளது. நான்காவது மணி நிறைவெய்துமுன் குகையின் வாயிலை அடைந்தேயாக வேண்டும். மறுபுறம், முடிவு தெரிந்த கதையிலும் வழி திறந்திருக்கக்கூடும். தஞ்சைப் பகுதியின் லாவணிக் கலைஞர் ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ எனப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்றே இரவு முழுவதும் வாதிட்டனர். எல்லோருக்கும் தெரிந்த ஒரு முடிவே ஓர் இரவு நீளும் வாதுக்கு இடமளித்தது. மன்மதன் எரிவான் என்பது தோட்டத்துச் சிறுவருக்கும் தெரியும். ஆனால் இவ்வாண்டு ரதி எவ்வாறு தடுப்பாள், எந்த அடியில் அவள் குரல் உடையும் என்பது ஆடுபவனுக்கே முன்கூட்டித் தெரியாது. சுதந்திரம் முடிவில் இல்லை. முடிவை நோக்கி நடக்கும் நடையில் உள்ளது.

ஆகவே நடத்துபவரின் முதற்கடன் அந்த நடைக்கு இடம் விடுதல் ஆகும். எந்த வழியாகச் சென்றாலும் தான் எண்ணிய காட்சிக்கே ஆட்களை இழுத்துவரும் நடத்துநர் திட்டத்தை நிறைவேற்றக்கூடும். ஆனால் ஆடுவோரைப் பொம்மைகளாக்கிவிடுகின்றார். ‘நீ என்ன செய்கின்றாய்?’ என்ற வினாவைக் கேட்டுவிட்டு விடையைப் பொருட்படுத்தாதிருத்தல், கேளாதிருப்பதினும் பெரிய அவமதிப்பாகும். திட்டம் என்பது எல்லையை வரைவது. எல்லைக்குள் வைக்கும் அடிகளை எண்ணுவது அன்று.

இரண்டாவது கடன் காலத்தைப் பகிர்தல். ஓர் இரவே உள்ளது எனில் காலமே அங்குள்ள செல்வம். உரக்கப் பேசுபவனிடம் அது முழுவதும் சென்று சேரும் இயல்புடையது. நான்கு மணி நேரம் அமர்ந்திருந்து ஒரு முறையேனும் தன் செயலால் கதையை அசைக்காமல் எழுந்து செல்பவன் அன்றிரவு அரைப் பேர் பெற்றவனே ஆகின்றான். காமன் கூத்தில் சிறு வேடத்துக்கும் தனி வரவு உண்டு. தூதன் வரும்போது களம் தூதனுடையது; அப்பொழுது சிவனும் காத்திருப்பான். காலத்தைச் சுருக்குவதிலும் இவ்வறம் தேவைப்படும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடப்பட்ட ஈழத்துக் கூத்து மேடைக்குரிய குறுகிய கால அளவுக்குள் அமைக்கப்பட்டது. எதனை வெட்டுவது என்ற வினா அழகியல் வினா மட்டுமன்று. யாருடைய ஆட்டம் வெட்டப்படுகின்றது என்ற வினாவும் ஆகும்.

மூன்றாவது கடன் வேடத்தைத் திரும்பப் பெறுதல். கூத்தில் உருவேறி ஆடுபவனுக்கு அருகே அவனைத் தாங்கிக்கொள்ள ஆட்கள் நிற்பர். ஆட்டம் முடிந்ததும் காப்பு அவிழ்க்கப்படும், நோன்பு முடிவுறும். இவையெல்லாம் மனிதனை எமனிடமிருந்து மீட்டு அவன் வீட்டாரிடம் ஒப்படைக்கும் ஒழுங்குகள். அண்மைக்கால மேசை விளையாட்டில் இதே தேவைக்கு எளியதொரு வழி கண்டுள்ளனர். குறுக்குக் கோடிட்ட அட்டையொன்று மேசை நடுவில் வைக்கப்படும். கதையில் தாங்கவியலாத ஏதேனும் நேர்ந்தால் எவரும் அதனைத் தொடலாம். காரணம் கேளாமல் அப்பகுதி நீக்கப்படும். நெடுநாட் பழகிய நண்பர் முகம் பார்த்து அறிவர். அறியாதார் கூடும் மேசையில் அவ்வறிவுக்கு மாற்றாக ஓர் ஒழுங்கு வேண்டும். இட்ட வேடத்துக்கு இத்தகைய அட்டை இல்லை. பெரட்டுக் களத்திலும் சட்டப் புத்தகத்திலும் ‘போதும்’ என்று தொடுவதற்கு எதுவும் வைக்கப்படவில்லை. ஏற்ற வேடத்தையும் இட்ட வேடத்தையும் பிரிக்கும் கோடு இங்கேதான் உள்ளது. ‘சரி’ என்று எடுக்கவும் ‘போதும்’ என்று கழற்றவும் முடிந்த வேடமே ஏற்ற வேடம்.

இவ்வளவுகோலைக் கூத்தின் மீதும் வைத்தல் நேர்மையாகும். ரதியாக ஆடுவது நெடுங்காலம் ஆணின் உரிமையாகவே இருந்தது. கணவனை இழந்தவளின் துயரைப் பாடும் களத்தில் பெண்கள் பார்வையாளராகவே நின்றனர். தப்பு இல்லாமல் தேவருக்கும் அடி எழாது. ஆயினும் தப்படித்தல் சாதியோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், ஏனையோர் வேடம் களைந்து வீடு திரும்பிய பின்னரும் அவனுடைய வேடம் கழற்றப்படவில்லை. வேடத்தை ஏற்கும் களத்தின் ஓரத்திலேயே இட்ட வேடமும் நின்றுகொண்டிருந்தது. இதனை மறைத்துக் கூத்தைப் போற்றுவது கூத்துக்குச் செய்யும் நன்மையன்று. எந்த மாஸ்டரும் தனக்கு முன் வந்தவர் வகுத்ததை அப்படியே வகுக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

இன்னொரு தடையும் எழுப்பப்படலாம். ஓர் இரவு தேவனாக ஆடுவது மறுநாட் காலையில் கூடையையும் கத்தியையும் முனகாமல் எடுக்கச் செய்யும் மயக்கமாகாதா? இத்தடையில் உண்மை இல்லாமலில்லை. இரவின் விளையாட்டு பகலின் நீதிக்கு ஈடாகாது. இருப்பினும், தன் அசைவு களத்தை மாற்றியதை ஒரு முறை கண்டவன், தன் அசைவு எதனையும் மாற்றாத இடத்தில் நிற்கும்போது அதனை இயற்கை என்று கொள்ளான். வகுப்பு என்று அறிவான். வகுக்கப்பட்டது வேறு விதமாகவும் வகுக்கப்படலாம் என்னும் அறிவை மயக்கம் என்றல் பொருந்தாது.

வேடம் தருபவர் என்போர் மாஸ்டரும் மேசை நடத்துநரும் மட்டுமல்லர். வகுப்பறையில் மாணவனுக்கு ஓரிடம் வகுக்கும் ஆசிரியரும், சங்கக் கூட்டத்தில் தொழிலாளிக்குக் கைதட்டும் பங்கை மட்டும் தரும் தலைவரும் அவ்வினத்தவரே. வழி விடப்பட்டதா, காலம் பகிரப்பட்டதா, கழற்ற முடிந்ததா என்ற மூன்று வினாக்களும் அவர்களை நோக்கியும் கேட்கத்தக்கன. காமன் எரிந்த இரவு விடிந்ததும் பெரட்டு மீண்டும் கூடும். ஒப்பனையின் அரிதாரம் காதோரத்தில் எஞ்சியிருக்கும் ஒருவனை அங்கே அரைப் பேராகக் கணக்கிடுவது, அவனை முழுவதுமாகக் கண்ட ஊருக்கு முன்போல எளிதாயிருத்தலாகாது.