நினைவும் நெய்யும்

12 வருஷ குருகுலவாசத்தை முடித்துக்கொண்டு, தான் அறியாதது ஒன்றுமில்லை என்ற செருக்கோடு வீடு திரும்பிய சுவேதகேதுவை, அவன் தகப்பனார் உத்தாலக ஆருணி 15 நாள் அன்னத்தைத் தொடாமல் ஜலத்தை மட்டும் பருகியிருக்கச் செய்து, அதன்பின் அத்யயனம் பண்ணிய வேதத்தைச் சொல்லும்படி கேட்டார் என்றும், பிள்ளைக்கு ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை என்றும் சாந்தோக்ய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார், வந்தான், கேட்டதெல்லாம் தடையின்றி வந்தது. தயிரைக் கடையும்போது அதன் சூக்ஷ்மமான அம்சம் மேலே எழும்பி வெண்ணெயாகத் திரள்வதைப்போல, உண்ட அன்னத்தின் சூக்ஷ்மாம்சமே மேலெழுந்து மனமாகிறது என்று அவர் முன்னரே உபதேசித்ததற்கு இது நிரூபணம். எண்ணெய், நெய் முதலியவற்றின் ஸ்தூல பாகம் எலும்பாகவும், மத்திம பாகம் மஜ்ஜையாகவும், சூக்ஷ்ம பாகம் வாக்காகவும் பரிணமிப்பதாகச் சங்கரரின் பாஷ்யத்தால் அறிகிறோம்.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் காரணம் என் சித்தி. எண்பது வயதைக் கடந்தபின் பெயர்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டு நழுவின. அவர் மகள், யாரோ சொன்னார்களென்று, தினமும் காலையில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயைப் புகட்டுவாள். சித்தி முகத்தைச் சுளித்து விழுங்குவார். எண்ணெய்ப் பசைக்கும் அன்புக்கும் வடமொழியார் ஸ்நேகம் என்ற ஒரே சொல்லை வைத்தது எவ்வளவு பொருத்தமென்று அந்த வேளையில் தோன்றும்.

தேங்காயெண்ணெய் மறதிநோயைத் தீர்க்கும் என்பதற்குத் திடமான சான்று கிடையாது. ஒலிவ எண்ணெயின் நிலை சற்றுத் தேவலை: ஸ்பெயின் தேசத்தில் வீட்டுக்கு வாரம் 1 லிட்டர் வீதம் அதைக் கொடுத்து நடத்திய பெரிய பரிசோதனையில் பங்குகொண்ட நவாரா பிரதேசத்து முதியோர், கொழுப்பைக் குறைக்கும்படி யோசனை சொல்லப்பட்டவர்களைவிட, ஆறரை வருஷங்களுக்குப் பின் புத்தித் தெளிவில் மேலாக இருந்ததாக 2013இல் அறிவித்தார்கள். ஆனால் ஒலிவ எண்ணெய், கீரை, கொட்டைகள் அடங்கிய உணவை வைத்து அமெரிக்காவில் 3 வருஷம் நடந்து, 2023இல் முடிவு வெளியான மற்றொரு பரிசோதனையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை.

மூளையின் ஈரம் நீக்கிய எடையில் பாதிக்கு மேல் கொழுப்புத்தான் என்று கேட்டவுடன், விளக்கும் எண்ணெயும் என்ற உவமை நாவில் வந்து நிற்கும். அது தவறு. மூளை தன் கொழுப்பை எரித்து ஒளிர்வதில்லை, எரிப்பது சர்க்கரையை. கொழுப்போ நரம்பிழைகளுக்குச் சுற்றிய உறையாகவும் உயிரணுக்களின் சவ்வாகவும் அமைந்து, செய்தி சிதறாமல் விரைந்தோட வழி செய்கிறது. (நெடிய உபவாசத்தில் உடம்பின் கொழுப்பிலிருந்து கல்லீரல் ஆக்கித்தரும் கீட்டோன்கள் மூளைக்கு உணவாவதால், சுவேதகேதுவின் மறதிக்கு இக்கால வைத்தியர் வேறு காரணம் தேடக்கூடும்.)

ஒரு கரண்டி எண்ணெய்க்கு நினைவைக் காக்கும் சக்தி உண்டென்றால் ஆன்மாவின் கதி என்ன என்று ஆஸ்திகர் சிலர் கலங்குகிறார்கள். உத்தாலகர் கலங்கவில்லை. மனத்தையும் அது சுமக்கும் வேதத்தையும் கூசாமல் சோற்றின் பக்கம் தள்ளிவிட்டு, தத்துவமஸி என்ற மகாவாக்கியத்தை அதற்குப் பின்னரே, வயிறு நிறைந்து நினைவு மீண்ட பிள்ளைக்கு உபதேசிக்கிறார். ஆன்மா நினைவுக்கு அப்பாற்பட்டதாயிருக்கலாம். அதைக் கேட்டறிவதற்கு நினைவு வேண்டியிருக்கிறது. அப்படியானால் நினைவு போனவர்களுக்கு அந்த வாக்கியம் எந்த வழியாகப் போய்ச் சேரும்? இங்கேதான் எனக்குச் சித்தாந்தம் போதவில்லை.

அந்தி வேளையில் சித்தி என்னைப் பார்த்து, யாரப்பா நீ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குத்துவிளக்கில் நல்லெண்ணெய் ஊற்றுவார். கண் வேறெங்கோ இருக்கும். எண்ணெய் விளிம்புக்கு நூலளவு கீழே வந்ததும் கை தானாக நிற்கும். திரியின் நுனியைக் கிள்ளிவிட்டு, விரலில் ஒட்டிய பிசுக்கைத் தலையில் தடவிக்கொள்வார்.