நிலம் இல்லாத நீர்க்கட்டி

கீழ்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. போன வருஷம் ஒரு ராத்திரி, மாடிப்படியில் உட்கார்ந்து போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உண்டான ஒன்றரை ஜிபி தீர்ந்துவிட்டது, பாடம் பாதியில் நிற்கிறது. "அண்ணா, உங்க வைஃபை பாஸ்வேர்டு..." என்று இழுத்தாள். சொன்னேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கறிவேப்பிலை கேட்டால் கிள்ளிக் கொடுக்கிறோம். இட்லி மாவு மிஞ்சினால் கிண்ணத்தில் கீழே போகிறது.

பில் தகராறு ஒன்றுக்காக, கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனியின் விதிமுறைகளைப் பிறகு ஒருநாள் புரட்ட வேண்டி வந்தது. எறும்பு எழுத்தில் ஒரு வரி: இணைப்பை மறுவிற்பனை செய்யக்கூடாது, வளாகத்துக்கு வெளியே யாருடனும் பகிரக்கூடாது. விற்கக்கூடாது என்பது புரிகிறது. கொடுக்கவும் கூடாதா? படிக்கட்டு யார் வளாகம்?

தெருவுக்கு ஃபைபர் இழுத்த பையன் ஒருநாள் ஏணியோடு வந்தான். டீ கொடுத்து நிறுத்திக்கொண்டேன். கம்பத்தில் தொங்கும் கறுப்புப் பெட்டியைக் காட்டினான். "ஸ்ப்ளிட்டர் சார். ஒரு கோர் உள்ளே போகும், எட்டாப் பிரியும். அந்த எட்டும் அடுத்த பெட்டியில மறுபடி எட்டு. ஆக மொத்தம் அறுபத்துநாலு வீடு." பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் அந்த ஒற்றை இழையில் இறங்கக்கூடியது விநாடிக்குச் சுமார் 2,500 மெகாபிட். அறுபத்துநாலு வீட்டுக்கும் ஆளுக்கு 100 என்று விற்றால் 6,400. இருப்பதைவிட இரண்டரை மடங்கு விற்றாகிவிட்டது!

மோசடி என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே நிமிஷத்தில் குழாயைத் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் குடிநீர்த் தொட்டியும் வங்கியும் நடக்கின்றன. ஐபி முகவரியும் இதே கதை. பழைய நான்காம் பதிப்பில் உலகத்துக்கே மொத்தம் சுமார் 430 கோடி முகவரிதான். எனவே ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை உட்கார வைத்திருக்கிறார்கள். தெரு முழுக்க ஒன்றைப் பங்கிட்டுப் பிழைக்கும் தொழில், என் படிக்கட்டில் நடக்கும் பங்கீட்டைத் திருட்டு என்கிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பகிரக்கூடாது என்ற அந்த விதிக்கு நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டாமல் கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போனது. போலீஸ் போய் நின்றது அந்த வீட்டு வாசலில். கதவைத் திறந்து போடுவதும் தெரிந்த பிள்ளைக்குச் சாவி கொடுப்பதும் ஒன்றா என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் பாய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மடையில் இறங்கும் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்காலில் போகாது. மேல் வயல் நிறைந்து, வரப்பில் வெட்டிய வாமடை வழியே கீழ் வயலுக்கு இறங்கும். என் வயலில் ஏறிய தண்ணீர் உன் வயலுக்குப் போகத்தான் வேண்டும். கண்மாய்ப் பாசனமே அப்படி. மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் வேலை. தண்ணீர் குறைந்த வருஷத்தில் சம்சாரி மண்வெட்டியைத் தொடவே கூடாது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர் கணக்கு. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாகக் கூலி.

ஆயக்கட்டில் நிலம் இல்லாதவரைத்தான் பல ஊர்களில் நீர்க்கட்டியாக வைத்தார்கள். தனக்கென்று வயல் இருந்தால் மண்வெட்டி தானாக அந்தப் பக்கம் திரும்பும் என்று ஊருக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். நிலம் இல்லாமல் போனது ஊர் அவர்களுக்குச் செய்த அநியாயம். அந்த அநியாயத்தின் மேல் நின்றுதான் ஊர் தன் தண்ணீர் நியாயத்தைப் பேசியது. இதை விழுங்கிவிட்டு நீர்க்கட்டியின் நேர்மையைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

குழாய் போடுகிறவர் எந்தத் தளத்துக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது, இணைய நடுநிலை வேண்டும் என்று பத்திரிகைகள் எழுதுவதும் இதுபோன்ற மடைச் சண்டையைத்தான். 2003இல் சட்டப் பேராசிரியர் டிம் வூ தம் கட்டுரையில் அந்தச் சொல்லை முன்வைத்தபோது, அமெரிக்க பிராட்பேண்ட் கம்பெனிகள் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் ஒப்பந்தங்களைத்தான் எடுத்து அடுக்கினார். வீட்டுக்குள் பல கணினிகளை இணைக்கக்கூடாது, வைஃபையில் பகிரக்கூடாது என்பதுபோன்ற தடைகள். விவாதம் முளைத்த இடத்திலேயே என் படிக்கட்டும் இருந்திருக்கிறது.

இங்கே 2014 டிசம்பரில், இணையம் வழியே பேசும் அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது; கூச்சல் எழுந்ததும் பின்வாங்கியது. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து சில பத்துத் தளங்களை மட்டும் இலவசமாகக் காட்ட வந்தது. முதலில் தொடங்கிய பகுதிகளில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு அந்தத் திட்டத்துக்கு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறியது. ஏழைக்கு இலவசம் என்றார்கள். எந்த வயலுக்குத் தண்ணீர் என்பதை மட்டும் தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். அந்த வருஷம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. பார்க்கிற பொருளுக்கு ஏற்றபடி டேட்டா கட்டணத்தை மாற்றக்கூடாது என்று 2016 பிப்ரவரி 8இல் விதி வந்தது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மறிப்பதும் கூடாது என்பது 2018இல் சேர்ந்தது. ஆனால் இன்று குழாய் போடுகிறவர்களே படமும் கிரிக்கெட்டும் காட்டுகிறார்கள். நீர்க்கட்டிக்கு நிலம் வந்துவிட்டது. மண்வெட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு ராத்திரி என் வீடியோ கால் திக்கித் திக்கி வந்தது. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரூட்டரின் உள்பக்கத்தைத் திறந்தேன். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல்: என் லேப்டாப், டிவி, அவள் போன், அதன் கீழே இன்னொரு ரெட்மி. அவள் தம்பி, ஒன்பதாம் வகுப்பு. மணி பதினொன்றரைக்குக் கேம்தான் ஆடுவான் என்று நானே தீர்மானித்தேன்; அவன் என்ன பார்க்கிறான் என்று அந்தப் பக்கம் சொல்லவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் எதிரே வேகத்தைக் குறைக்க ஒரு கட்டம் இருந்தது. ரெட்மிக்கு நேரே 512 என்று அடித்து சேவ் கொடுத்தேன். பரீட்சைக்குப் படிக்கிறவளுக்கு வழி விட வேண்டாமா என்று மனசு உடனே ஒரு காரணமும் எடுத்துக் கொடுத்தது. நல்ல காரணம். ஏழைக்கு இலவசம் என்பதும் கேட்பதற்கு நல்ல காரணமாகத்தான் இருந்தது.

பணம் வாங்கவில்லை, உரிமம் இல்லை, எனக்கென்று ஒரு ஆப்கூட இல்லை. மடை கைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. கம்பெனியைத் திட்டும்போதெல்லாம் பேராசையைத்தான் காரணமாகச் சொல்லியிருக்கிறேன். அன்று என்னிடம் பேராசை இல்லை. தண்ணீர் என் வழியாகப் போகிறது என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. அந்தப் பையன் என்ன பயிர் வைத்தால் எனக்கென்ன?

இது எனக்கு அன்றே உறைத்துவிடவில்லை. நாலு நாள் கழித்துப் படியில் அந்தப் பெண் நிறுத்திக் கேட்டாள். "அண்ணா, எனக்கு நெட்டு நல்லா வருது. தம்பி போன்ல மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. ஏதாச்சும் பிரச்சினையா?"

"நெட்வொர்க் பிஸியா இருக்கும்மா. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கச் சொல்லு" என்றேன்.

கஸ்டமர் கேரில் எனக்குப் பலமுறை கிடைத்த அதே பதில், அதே குரல். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். நான் மேலே வந்து லேப்டாப்பைத் திறந்தேன். ரூட்டர் பாஸ்வேர்டு கேட்டது.