விளையாட்டும் களவும்

அமெரிக்க நாட்டு அரிசோனாப் பாலையிலே குவார்ட்சைட் என்றோர் சிற்றூருண்டு. பனிக்காலத்தில் வடபுலத்தார் பல்லாயிரவர், வீடுபோலமைந்த ஊர்திகளிற் போந்து அதன் புறத்தே தங்குவர். அவருட் சிலர் பொழுதுபோக்காக வறண்ட ஓடைகளிற் பொன் தேடுவர். நீரின்மையின், காற்றூதிச் சலிக்குங் கருவியைக் கையாளுவர். பொன் நீரினும் 19 மடங்கு கனமுடையது. மணலோ மூன்று மடங்கினுங் குறைவு. ஆதலின் மணல் அகலப் பொன் எஞ்சும். நாள்முழுதும் முயன்றும் கிட்டுவன பெரும்பாலும் சில துகள்களே.

ஈண்டு ஆராயற்பாலதொன்றுண்டு. 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி, பொதுநிலத்தில் முறையாக எல்லைநாட்டிப் பதிந்துகொண்டார்க்கே அவ்வெல்லையுட்பட்ட பொன் உரியது. ஆயினும் ஆண்டு வேலியில்லை. எல்லைக் கம்பங்களே உள. “விளையாட்டாக ஒரு துகள் எடுத்தோம், இதுவுங் களவாமோ?” எனின், ஆம் என்க. என்னை? களவென்பது பொருளின் நிறைபற்றியதன்று. பிறர்க்குரியதென அறிந்துங் கொள்ளும் உள்ளம்பற்றியது. பசியாற் கவர்ந்த வறியோன்மாட்டு இரங்குதற்கேனும் இடனுண்டு. விளையாடுவோற்கு அதுவுமில்லை, அவனுக்கு அப்பொன் இன்றியமையாததன்று.

அற்றேல், அறியாதெடுத்தான் குற்றமுடையனோவெனின், பதிவேட்டை முன்னரே ஆராய்தல் அவன் கடன். வினவி அறியக்கூடியதை வினவாது விடுதல் அறியாமையன்று, அறிய விரும்பாமையேயாம். பிறர் பதிந்துகொள்ளாத நிலத்தே தேடலாம். உரியார் இசைவு பெற்றுந் தேடலாம். காண்பாரில்லாத பாலையிலே கம்பத்தைக் கண்டு திரும்பினோன், வெறுங்கையோடு மீளினும் இழந்தது யாதுமில்லை.