கையே ஊசியானால்

‘இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்; இரண்டு கைகள் போதும்’ என்று ஒருவர் சொல்லக் கேட்டால் நம் உள்ளத்தில் உடனே ஒரு மதிப்புப் பிறக்கின்றது. தேவையைச் சுருக்குக, உடைமைக்கு எல்லை வகுத்துக்கொள்க என்று வழிவழியாகக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களில் அம்மதிப்பு மற்றோரினும் சற்று மிகுதியாகவே பிறக்கும். பொருள் வரைதலை அணுவிரதங்களுள் ஒன்றாகப் போற்றும் நமக்குக் கருவியில்லாத தொழில் துறவின் சாயல் படிந்த தொழிலாகவே தோன்றும். அத்தோற்றம் மெய்தானா? கருவியை விட்டவர் கட்டினின்றும் விடுபட்டவர் ஆவாரா? இவ்வினாவை ஒரு சிறு கைவினையை முன்னிறுத்தி எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். பெரிய வினாக்களைப் பெரிய எடுத்துக்காட்டுகளால்தான் ஆராய வேண்டும் என்னும் நியதி இல்லை. புளியங்கொட்டையை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அது நன்கு தெரியும்.

அக்கைவினையாவது, பின்னல் ஊசிகள் இன்றி, முன்கைகளையே ஊசிகளாகக் கொண்டு மப்ளர் பின்னுவது. அமெரிக்கா முதலிய குளிர்மிக்க நாடுகளில் 2013-ஆம் ஆண்டையொட்டி இது பெரிதும் பரவிற்று. அந்நாடுகளில் வாழும் பேரப்பிள்ளைகள் வாயிலாக இதன் செய்தி ஆரணிக்கும் வந்தவாசிக்கும் கூட வந்து சேர்ந்துவிட்டது. மப்ளருக்கு வேண்டிய குளிர்தான் இன்னும் வந்து சேரவில்லை.

கழுத்தைச் சுற்றி இரு நுனிகளும் தொங்குமாறு அணிவது ஒருவகை மப்ளர். நுனிகள் இரண்டையும் இணைத்து, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் வளைய மப்ளர் மற்றொரு வகை. இரண்டற்கும் செய்முறை ஒன்றே. விரற்பருமனுள்ள கம்பளி நூலை எடுத்து, அல்லது மெல்லிய நூலாயின் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துப் பிடித்து, முதலில் ஒரு சுருக்குக் கண்ணி இட்டு வலக்கை மணிக்கட்டில் மாட்டுகிறார்கள். அதனையடுத்து மேலும் சில கண்ணிகள். எட்டு முதல் பன்னிரண்டு வரை இருந்தால் மப்ளரின் அகலத்துக்குப் போதும். பின்னர் நூலை வலக்கைப் பிடிக்குள் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலுள்ள கண்ணியை இடக்கையால் தூக்கி, மூடிய கைக்கு மேலாகக் கழற்றி விடுகிறார்கள். பிடிக்குள் இருந்த நூல் இப்போது புதிய கண்ணியாக நிற்கும். அதனை இடக்கையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். வலக்கைக் கண்ணிகள் யாவும் இவ்வாறு இடக்கைக்குச் சென்றால் ஒரு வரிசை முடிந்தது. அடுத்த வரிசையில் அவை மீண்டும் வலக்கைக்கு வரும். பழகியவர்க்கு அரைமணி அல்லது முக்கால்மணி நேரத்தில் ஒரு மப்ளர் முடிந்துவிடும். வளையமாக்க வேண்டின், எஞ்சிய நூல் நுனியையே விரல்களால் இரு ஓரங்களிலும் கோத்து இழுத்துவிடலாம். ஊசிக்கு எங்குமே இடமில்லை.

கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் பின்னுகிறவரின் நிலையைச் சற்று நோக்குவோம். தொடங்கிய கணம் முதல் முடிக்கும் கணம் வரை அவர் கையில் கண்ணிகள் மாட்டியபடியே இருக்கின்றன. வாயிலில் ஒருவர் அழைத்தால் எழுந்து செல்ல இயலாது. சென்றால் ஆடையையும் இழுத்துக்கொண்டே செல்ல வேண்டும். வரிசையின் நடுவில் இருப்பின் கண்ணிகள் இரு கைகளிலும் பகிர்ந்து நிற்பதால் அதுவும் அரிது. குழந்தை அழுதால் எடுக்க முடியாது. கண்ணி என்னும் தமிழ்ச்சொல் மாலையையும் குறிக்கும். பறவையைப் பிடிக்க வைக்கும் சுருக்கையும் குறிக்கும். இங்கு அது இரண்டு பொருளையும் ஒருங்கே தருவதைக் காண்கிறோம்.

இவ்விடர்க்கு அக்கலையில் வல்லார் ஒரு வழி சொல்கிறார்கள். இடையில் நிறுத்த நேர்ந்தால் கண்ணிகளை ஒரு நீண்ட கோலிலோ, வேறொரு நூலிலோ கோத்து வைத்துவிட்டு எழுந்து செல்லலாம் என்பது அவ்வழி. கண்ணிகளைத் தாங்கி நிற்கும் கோல் என்பது என்ன? அதுதானே பின்னல் ஊசி! ஊசியை வேண்டாம் என்று தொடங்கியவர், ஒரு குவளை நீர் அருந்த எழும் பொழுதே அதனை மீண்டும் கண்டுபிடித்துவிடுகிறார்.

கருவியின் இயல்பு இங்கே தெளிவாகின்றது. அது கைக்கு வலிமை சேர்ப்பது மட்டுமன்று. வேலையைக் கையிலிருந்து பிரித்து வைக்கவும் இடம் தருகிறது. ஊசியில் பின்னுகிறவர் வேலையைக் கூடையில் வைத்துவிட்டுச் சமைக்கப் போகலாம். மறுநாள் வந்து விட்ட இடத்தில் தொடரலாம். வீட்டுப் பெண்களின் கைவேலைகள் யாவும் இவ்வாறு கீழே வைத்து எடுக்கத் தக்கனவாகவே அமைந்தமைக்குக் காரணம் உண்டு. அவர்களுக்குத் தொடர்ந்தாற்போல் அரைமணி நேரம் எவரும் கொடுத்ததில்லை. ஆகவே கருவி உடைமையில் சேர்ந்ததாயினும், எல்லா உடைமையும் கட்டு அன்று. சில உடைமைகள் கட்டை அவிழ்ப்பனவாகவும் இருக்கின்றன.

அதன் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. இன்று கிடைத்துள்ள மிகப் பழைய பின்னலாடைகளுள் எகிப்து நாட்டுப் பருத்திக் காலுறைகள் குறிப்பிடத்தக்கன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை உடையன. கையும் ஊசியும் சேர்ந்து வளர்த்த அக்கலைக்கு 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரத்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவர் ஒரு பொறி செய்தார். காலுறை பின்னும் அப்பொறியில் பல ஊசிகள் ஒரே வேளையில் இயங்கின. பிற்காலத்தில் அவ்வட்டாரத் தொழிலாளர் பலர் பொறியை முதலாளியிடம் வாடகைக்குப் பெற்றே பின்னினர். கூலி குறைந்த காலத்தும் வாடகை குறையவில்லை. 1811-ஆம் ஆண்டில் அவர்களுட் சிலர் பொறிகளை உடைக்கத் தலைப்பட்டனர் என்பது வரலாறு. கீழே வைக்க முடிகின்ற ஊசி விடுதலை தந்தது. கீழே வைத்தாலும் வாடகை கேட்கின்ற பொறி கட்டிவைத்தது. கருவி உண்டா இல்லையா என்பதைவிட, வேண்டும்போது அதனைக் கீழே வைக்க நம்மால் இயலுமா என்பதே கேட்கத்தக்க கேள்வி எனத் தோன்றுகிறது.

ஆயின் முன்கைப் பின்னலால் பயனே இல்லையோ எனின், உண்டு. கற்பிப்பதற்கு அதனினும் நல்ல வழி அரிது. 1919-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ருடால்ஃப் ஸ்டைனரின் கருத்துப்படி தொடங்கப்பெற்ற வால்டார்ஃப் பள்ளியின் மரபில், ஆண் பெண் இருபாலாரும் முதல் வகுப்பிலேயே பின்னல் பயில்கின்றனர்; ஊசியைத் தொடுமுன் விரல்களாலேயே பின்னக் கற்பதும் உண்டு. நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் தக்களி நூற்றலைப் பாடமாகச் செய்தோம். நூலுக்கு வலிமை தருவது பஞ்சன்று, முறுக்கே என்பதை ஏட்டில் பத்து முறை படித்தாலும் மனத்தில் பதியாது. தக்களியில் ஒருமுறை நூல் அறுந்தால் பதிந்துவிடும். அதுபோலவே, கண்ணியினூடே கண்ணி புகுவதுதான் பின்னல் என்பது சிறு ஊசியில் குழந்தைக்குப் புலப்படுவதில்லை. கண்ணி தன் கைமுட்டி அளவு பெரிதாக நிற்கும்போது நன்றாகப் புலப்படுகின்றது. பருத்த கையினர் பின்னினால் கண்ணி பெரிது. மெலிந்த கையினர் பின்னினால் சிறிது. ஒருவர் பின்னியதை மற்றொருவர் அப்படியே பின்ன இயலாது. முதல் பாடமாக இதனை எந்தப் பள்ளியிலும் வைக்கலாம் என்பது நம் கருத்து.

இனி, அரைமணியில் முடிவதைக் குறையாகக் கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கூற மாட்டோம். காலம் மிகுதியாகச் செலவிட்டதனாலேயே ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது. ஆனால் அவ்விரைவுக்கு விலை கொடுப்பது எது என்று பார்க்க வேண்டும். விலை கொடுப்பது நூல். வளைய மப்ளர் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் நூல் செல்லும். மெல்லிய நூலால் ஊசிகொண்டு பின்னினால் அதிற் பாதியே போதியதாகலாம். விரைவுக்காகவும் மென்மைக்காகவும் பலர் விரும்புவது முறுக்கேற்றாத மெரினோ கம்பளித் திரி. முறுக்கில்லாமையால் சிலமுறை அணிந்ததும் அது பிசிறு கிளம்பி உருண்டை கட்டுகிறது. கையிலிருந்து நீக்கிய சுமையை ஆட்டின் மேல் ஏற்றினோம் என்று சொன்னால் மிகையாகாது.

ஆட்டுமயிர் பற்றி நம்மவரிடையே இருவேறு எண்ணங்கள் உண்டு. கொல்லாமல்தானே கத்தரிக்கிறார்கள், அதில் ஹிம்சை ஏது என்பர் சிலர். கத்தரிக்காவிடில் ஆடு துன்புறும் என்பதும் உண்மையே. காட்டு ஆடுகள் ஆண்டுதோறும் தாமே மயிர் உதிர்க்கும், மெரினோ உதிர்ப்பதில்லை. 2015-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகர் அருகே, மந்தையினின்று பிரிந்து பல ஆண்டுகள் அலைந்த ஓர் ஆட்டின் மீதிருந்து 40 கிலோவுக்கு மேற்பட்ட மயிர் எடுக்கப்பட்டது. அந்த ஆட்டுக்குக் கத்தரியே கருணை. ஆனால் தானே உதிர்க்க இயலாத உயிராக அதனை வளர்த்தெடுத்தவர் யார்? மயிர் வேண்டி மனிதர் செய்த தெரிவினால் வந்த நிலை அது. மேலும், மடிப்பு மிகுந்த தோலில் ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைக்காதிருக்கும் பொருட்டு, குட்டியின் பின்புறத் தோலை அறுத்தெடுக்கும் வழக்கம் ஒன்று ஆஸ்திரேலியாவில் 1930-ஐ ஒட்டித் தோன்றிற்று. நியூசிலாந்து 2018-இல் அதனைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியாவில் அது இன்னும் முற்றாக ஒழியவில்லை. மயிர் குறைந்த ஆடு பின்பு எங்கே அனுப்பப்படுகிறது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் திகம்பர முனிவர்கள் கையில் ஏந்தும் பீலியை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறோம். ஆண்டுதோறும் மயில் தானாக உதிர்க்கும் தோகையினால் ஆனது அது. சுவேதாம்பர மரபினரின் ரஜோஹரணமோ கம்பளி இழைகளால் ஆயது; ஆதலின் கம்பளி என்ற அளவிலேயே அதனை விலக்கப்பட்டதாகக் கூறுதல் முறையன்று. எனினும், ஒரு துறவிக்கு ஒரு துடைப்பம் என்பதும், அரைமணிக்கு ஒரு மப்ளர் என்பதும் வேறு வேறு.

கம்பளியை விட்டு அக்ரிலிக் நூலுக்குச் செல்லலாம் எனின், அது பெட்ரோலிய வழிப் பொருள். துவைக்குந்தோறும் நுண்ணிழைகள் கழன்று நீரிற் சேர்கின்றன. நீர்வாழ் உயிர்கள் அவற்றை விழுங்குகின்றன. பருத்தியோ பூச்சிமருந்துக்குப் பெயர்போன பயிர். ஊறே இல்லாத நூல் என ஒன்றைக் காட்ட எவராலும் இயலாது. இதனை ஒரு சாக்காகக் கொண்டு, ‘எல்லாவற்றிலும் ஹிம்சை உண்டு, ஆகவே எதுவாயினும் ஒன்றே’ என்று பேசுவோரோடு நாம் உடன்படுவதில்லை. இல்லறத்தார் தவிர்க்க இயலாத ஆரம்ப ஹிம்சையையும், எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப ஹிம்சையையும் நம் ஆன்றோர் வேறு பிரித்தது இத்தகைய மயக்கத்தைத் தீர்ப்பதற்கே.

நமக்குத் தோன்றும் வழி இது. புதுக் கம்பளி வாங்க வேண்டாம். பனியன் துணியை நாடாவாகக் கத்தரித்து இழுத்தால் ஓரங்கள் சுருண்டு, பருமனான கயிறு போல் ஆகும். முன்கைப் பின்னலுக்கு அது மிகப் பொருந்தும். வீட்டிலுள்ள பழைய பனியன்களே போதும்; திருப்பூரில் கழிவுத்துணி மலைபோல் விழுகிறது. கம்பளியளவு வெப்பம் தாராது, கனமும் கூடுதல். கடுங்குளிரில் அதற்குள் ஒரு மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்ள நேரும். அவ்வளவு குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். பின்னலில் நாம் பெரிதும் வியப்பது மற்றொன்று. அதில் வெட்டு இல்லை, ஒரே நூல். இறுதி முடிச்சை அவிழ்த்து இழுத்தால் மப்ளர் முழுவதும் மீண்டும் நூலாகிவிடும். குழந்தை வளர்ந்துவிட்டால் பிரித்துப் பெரிதாகப் பின்னிக்கொள்ளலாம், சலித்துவிட்டால் கால்மிதியாக்கலாம்.

எஞ்சுவது ஒரு கேள்வி. வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகள் உண்மையாகவே எதிர்கொள்வது. உடன் பணிபுரியும் ஒரு பெண்மணி, தம் கைகளாலேயே பின்னிய மெரினோ மப்ளரை அன்பளிப்பாகக் கொடுக்கிறார். என் செய்வது? வேண்டாம் என்று கூறிவிடுக என்பர் நம் குடும்பங்களில் மூத்தோர் சிலர். அவர்தம் உறுதியை நாம் மதிக்கிறோம். ஆயினும் பெற்றுக்கொள்ளுதலே தகும் என்பது நம் கருத்து. அந்நூலுக்காக ஊறு நேர்ந்துவிட்டது. மறுத்தலால் அது நீங்கப்போவதில்லை. கொடுத்தவர் உள்ளம் புண்படுவதொன்றே மிகும். பெற்றுக்கொண்டு, அணிந்துகொண்டு, அவருக்கு எதிர்ப்பரிசாகப் பனியன் நாடாவில் ஒன்று பின்னிக் கொடுக்கலாம். ஏன் கம்பளியில் பின்னவில்லை என்று அவர் கேட்பார். கேட்ட பிறகு சொன்னால் போதும்.