உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இருக்கிறதா? ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் இரண்டு மூன்று வழி சொல்வார். ஆபரேஷன் செய்யலாம், கீமோ கொடுத்துப் பார்க்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்போம்: "உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

பணிவாகத்தான் கேட்கிறோம். ஆனால் உள்ளே ஒரு சந்தேகம் இருக்கிறது. ஊருக்கு ஒரு வைத்தியம், சொந்த வீட்டுக்கு ஒரு வைத்தியம் என்று வைத்திருக்கிறாய், அந்த இரண்டாவதை வெளியே எடு என்கிறோம்.

நியூயார்க்கில் ஒரு லேப் முழுவதற்கும் இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பு சக்தியை ஆராயும் லேப். தலைவர் ரால்ஃப் ஸ்டைன்மன், கனடாவில் பிறந்தவர். 2007 மார்ச்சில், 64 வயதில், அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. அந்த நிலையில் பெரும்பாலோர் ஒரு வருஷத்தைத் தாண்டுவதில்லை.

விசேஷம் என்னவென்றால், அவர் ஆயுள் முழுக்க ஆராய்ந்த விஷயம் அவருக்கே மருந்தாகலாம் என்ற நிலை.

1973-ல் ஸ்டைன்மனும் அவருடைய குரு ஸான்வில் கோனும் எலியின் மண்ணீரலில் ஒரு புது செல்லைப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கிளை கிளையாகக் கை நீட்டிக்கொண்டிருந்ததால், மரம் என்ற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து 'டெண்ட்ரிடிக் செல்' என்று பெயர் வைத்தார்கள். பல வருஷம் யாரும் பெரிதாக நம்பவில்லை. ஏற்கெனவே தெரிந்த செல்லையே புதுசு என்கிறார் என்றார்கள். ஸ்டைன்மன் விடவில்லை. 1992-ல் ஜப்பான் விஞ்ஞானி காயோ இனாபாவும் அவரும் சேர்ந்து இந்த செல்லை லேபிலேயே நிறைய வளர்க்க வழி கண்டுபிடித்த பிறகுதான் மற்றவர்களும் வரிசையில் வந்தார்கள்.

இந்த செல்லின் வேலையைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து ஊர்த் தலையாரியை நினைத்துக்கொள்ளுங்கள். தலையாரி திருடனை அடிக்க மாட்டார். அவன் விட்டுப்போன துண்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி, "இந்தத் துண்டுக்காரன்தான், பிடிங்க" என்பார். ஸ்டேஷனில் இருக்கும் போலீஸ்தான் டி செல். தலையாரி வந்து காட்டாதவரை போலீஸ் பெஞ்சை விட்டு எழுந்திருக்காது. புற்றுநோய் நம் வீட்டிலேயே பிறந்து கெட்டுப்போன பிள்ளை. அதனால் தலையாரிக்குப் பெரும்பாலும் சந்தேகமே வருவதில்லை. சரி, தலையாரியை வெளியே கூப்பிட்டு, கட்டியின் அடையாளத்தைக் காட்டி, திரும்ப உள்ளே அனுப்பினால்? இதுதான் ஸ்டைன்மனின் கனவுத் தடுப்பூசி.

ஆபரேஷனில் எடுத்த அவருடைய கட்டி குப்பைக்குப் போகவில்லை. டல்லாஸில் ஒரு ஆராய்ச்சிக் கூடம், வட கரோலினாவில் ஒரு கம்பெனி, எல்லா இடத்திலும் பழைய சகாக்கள் வேலையில் இறங்கினார்கள். அவருடைய ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்து, அவருடைய கட்டியின் அடையாளத்தை ஏற்றி, அவருக்கே ஊசியாகப் போட்டார்கள். ராக்ஃபெல்லரில் இதை மேற்பார்த்தவர் அவருடைய லேபிலேயே வளர்ந்த டாக்டர் சாரா ஷ்லெஸிங்கர். கீமோதெரபியும் கூடவே நடந்தது. சோதனை சிகிச்சைகள் மட்டும் எட்டு வரை எண்ணியிருக்கிறார்கள்.

முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது யார்க் அவென்யூவில். அதே தெருவில், எதிர்ப்பக்கம், உலகப் புகழ் பெற்ற ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் ஆஸ்பத்திரி. அங்கே வரும் கணையப் புற்று நோயாளிக்கு டல்லாஸில் ஆள் இல்லை. போன் செய்தால் எடுக்க மாட்டார்கள்.

அப்புறம் யோசித்தால், அவருக்குக் கிடைத்தது மருந்தே இல்லை. வேலை செய்யுமா, கெடுதல் செய்யுமா என்று யாருக்கும் தெரியாத ஒன்று. தெரியாததைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்வதை எப்படிச் சலுகை என்பது? ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-ல் அல்சர் கிருமியைக் கரைத்துக் குடித்தாரே, அவரைச் சலுகை பெற்றவர் என்றா சொல்கிறோம்? ஆனால் மார்ஷல் ஆரோக்கியமாக இருந்தார், வேண்டாம் என்று டம்ளரைக் கீழே வைத்திருக்கலாம். ஸ்டைன்மனுக்குக் கீழே வைக்க நேரம் இல்லை. என் எரிச்சல் பாதி குறைந்தது, முழுசாகப் போகவில்லை.

எனக்கு இதைவிடச் சங்கடமாக இருப்பது ஊசி போட்டவர்களின் நிலைமை. சாதாரணமாக நோயாளிதான் டாக்டருக்குப் பயப்படுவார். இங்கே நோயாளிதான் முதலாளி. சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர், தொழில் சொல்லிக் கொடுத்தவர். "வேண்டாம் சார், இது சரியா வராது" என்று யார் வாயைத் திறப்பது? அப்பாவைப் போன்றவர் கேட்கிறார், கையில் ஊசி இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம், ஒரே ஒரு நோயாளிக்கான சோதனை என்று தனி அனுமதி வாங்கித்தான் செய்தார்கள். வெறும் ஃபார்மாலிட்டி என்று நினைக்காதீர்கள். அவர் மேல் பிரியம் இல்லாத ஒரு ஆளாவது காகிதத்தைப் படித்துப் பார்த்தார் என்று அதற்கு அர்த்தம்.

ஸ்டைன்மன் நாலரை வருஷம் உயிரோடு இருந்தார். லேபுக்கும் வந்துகொண்டிருந்தார். 2011 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை காலமானார். திங்கட்கிழமை, அக்டோபர் 3, ஸ்டாக்ஹோமில் அவருக்கு மருத்துவ நோபல் என்று அறிவித்தார்கள். இறந்த செய்தி அவர்களுக்குத் தெரியாது. இறந்தவருக்கு நோபல் கிடையாது என்பது விதி. கமிட்டி கூடிப் பேசி, உயிரோடு இருக்கிறார் என்று நம்பித்தானே முடிவெடுத்தோம், பரிசு பரிசுதான் என்றது. பேப்பர்கள் எல்லாம் இந்த மூன்று நாள் கணக்கைத்தான் எழுதின.

நான் கேட்க நினைப்பது வேறு. நாலரை வருஷம் கொடுத்தது எது? கத்தியா, கீமோவா, அவருடைய சொந்தத் தடுப்பூசியா, ஜாதகமா? யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே ஆளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு எலியில் பத்து மருந்து போட்டு ரிசல்ட் கொண்டுவரும் மாணவனை எந்த லேபிலும் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

"உங்க அப்பாவா இருந்தா" என்ற கேள்விக்கு அந்த லேப் சொன்ன பதில், இருக்கிற எல்லாவற்றையும் செய்வோம் என்பது. நானும் அதைத்தான் செய்திருப்பேன். நீங்களும்தான். ஆனால் எல்லாவற்றையும் செய்தால் எதுவும் தெரிய வராது. தெரிய வேண்டுமென்றால் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புது மருந்தைக் கொடுக்காமல் இருக்க வேண்டும். அந்தப் பாதியிலும் எல்லோரும் யாரோ ஒருவரின் அப்பாதான், அம்மாதான். உங்கள் அப்பாவைக் காப்பாற்றும் மாத்திரை, அப்பா மாதிரி நடத்தப்படாத யாரோ நூறு பேர் வழியாகத்தான் கடைக்கு வந்திருக்கிறது. நினைத்தால் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

2023-ல் அந்த எதிர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கணையப் புற்று நோயாளிகள் 16 பேர். ஒவ்வொருவரின் கட்டியையும் வைத்து அவரவர்க்கென்றே தனித் தடுப்பூசி, கொரோனா ஊசியில் பார்த்தோமே அந்த ஆர்.என்.ஏ. முறையில். 8 பேர் உடம்பில் போலீஸ் எழுந்து நின்றது. அந்த 16 பேருக்கும் ஆபரேஷன் உண்டு, ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கீமோவும் உண்டு. ஆகவே அதே சந்தேகம். அடுத்த கட்டச் சோதனை அதே வருஷம் தொடங்கியது. இந்தத் தடவை குலுக்கல். ஒரு பிரிவுக்குக் கீமோவோடு ஊசியும் உண்டு, இன்னொரு பிரிவுக்குக் கீமோ மட்டும்.

யார்க் அவென்யூவின் அந்தப் பக்கம், வராந்தாவில், ஒரு மகனிடம் படிவம் நீட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா உள்ளே படுத்திருக்கிறார். சீட்டு எந்தப் பக்கம் விழும் என்று டாக்டருக்கும் தெரியாது. மகன் குரலைத் தாழ்த்தி அதே கேள்வியைக் கேட்கிறான். டாக்டர் என்ன சொல்வார் என்று நினைக்கிறீர்கள்?