கைப்பக்குவமும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்

"இது நானே செய்தது" என்று சொல்லும்போது மனிதனின் முகத்தில் ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. அதைவிட நல்ல பண்டம் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பது அவனுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் அந்தப் பெருமையை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் வேலையில் பாதிக்கு மேல் ஓர் இயந்திரம் செய்திருந்தால்? அப்பொழுதும் "நானே செய்தது" என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்வியைத்தான் சற்று விசாரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் வாசகர்களில் சிலருக்கு வியப்பாகவும் சிலருக்குக் கசப்பாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் எத்தனையோ குடும்பஸ்தர்கள் தங்கள் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்கள். அவர்களில் ஒரு சாரார் காஸ் அடுப்பையும் ஒதுக்கிவிட்டு, மின்சாரத்தாலேயே எல்லாவற்றையும் நடத்துகிறார்கள். அதற்கு வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியை – மின்சாரத் தொழிலாளிகள் 'பேனல் போர்டு' என்பார்களே, அதை – தாங்களே கம்பி இழுத்துச் செய்துகொள்கிறார்கள். நம் மாநிலத்தில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். குடி நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. அதை இன்று எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்டிலும் இது ஒரு காலத்தில் குற்றமாகத்தான் இருந்தது. 1920-இல் வந்த மதுவிலக்கு 1933-இல் நீங்கியது. வீட்டில் திராட்சை ரசம் செய்துகொள்ள அனுமதி கிடைத்தபோதும் பீருக்குக் கிடைக்கவில்லை. 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தத் தடையை நீக்கியது. ஒரு வீட்டில் வயது வந்தவர் இருவர் இருந்தால் ஆண்டுக்கு 200 காலன் வரை காய்ச்சலாம். ஒரு சொட்டுக்கூட விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இதற்கு இணங்கின. அலபாமாவும் மிசிசிப்பியும் இணங்கியபோது 2013-ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

விற்க முடியாத பண்டம் என்றால் இலாபம் கிடையாது. இலாபம் இல்லாத இடத்தில் மனிதன் எதற்காகப் பாடுபடுகிறான் என்பதைக் கலப்படமில்லாமல் பார்க்கலாம். இந்த உதாரணத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

பீர் காய்ச்சுவதில் உயிர்நிலையான கட்டம் ஒன்று உண்டு. முளை கட்டி உலர்த்திய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊற வைக்கிறார்கள். தானியத்தில் உள்ள நொதிகள் அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சுமார் ஒரு மணி நேரம் சூடு ஒரே நிலையில் நிற்க வேண்டும். 64 டிகிரி சென்டிகிரேட் அளவில் நிறுத்தினால் பானம் மெலிந்து, இனிப்பில்லாமல் அமையும். 69-க்குப் போனால் கனத்து, இனிப்புத் தங்கும். 80-ஐத் தொட்டால் நொதிகள் செத்துப்போகும். பிறகு எத்தனை நேரம் ஊறினாலும் பயனில்லை. இதற்குப் பிறகு சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள்.

கல்யாண வீட்டுச் சமையல்காரர் பாகைத் தொட்டு இரு விரலுக்கிடையே இழுத்துப் பார்த்துக் கம்பிப் பதம் என்று சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். பழைய காலத்துப் பீர் தொழிலாளிக்கும் அப்படி ஒரு பதம் இருந்தது. கொதித்த நீரை ஆறவிடுவான். ஆவி விலகி, நீரில் தன் முகம் தெரியும் நேரம் பார்த்துத் தானியத்தைக் கொட்டுவான். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தெர்மாமீட்டர் இந்தத் தொழிலுக்குள் நுழைந்தபோது முதியவர்கள் முகம் சுளித்தார்கள். ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர் தம் தந்தையின் கண்ணில் படாமல் தெர்மாமீட்டரை மறைத்து வைத்துப் பயன்படுத்தினார் என்பது அந்தத் தொழிலின் சரித்திரத்தில் பிரசித்தமான கதை. கைப்பக்குவத்தில் வளர்ந்த தந்தைக்கு ஒரு கண்ணாடிக் குழாயை நம்பும் பிள்ளை தொழில் தெரியாதவனாகவே தோன்றியிருப்பான்.

இன்று அந்தக் கண்ணாடிக் குழாய் ஒரு பெட்டியாக வளர்ந்துவிட்டது. அமெரிக்க நகரம் ஒன்றில், மோட்டார் கொட்டகையில் வார விடுமுறையெல்லாம் உட்கார்ந்து அதைச் செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று எவர்சில்வர் அண்டாக்கள். முதலாவதில் வெந்நீர், இரண்டாவதில் தானியம், மூன்றாவதில் சாறு கொதிக்கும். முதலாவதிலும் மூன்றாவதிலும் 5500 வாட் ஹீட்டர் ஒவ்வொன்று. நடு அண்டாவுக்கு நேரடிச் சூடு கிடையாது. அதிலுள்ள சாற்றை ஒரு பம்ப் உறிஞ்சி, வெந்நீர் அண்டாவுக்குள் முழுகிக் கிடக்கும் சுருள் குழாய் வழியே ஓடவிட்டு, மறுபடியும் நடு அண்டாவிலேயே கொண்டுவந்து சேர்க்கிறது.

சூட்டை அளக்கும் கம்பிகள் அண்டாக்களிலிருந்து பெட்டிக்குச் செல்கின்றன. வெறும் சுவிட்சாக இருந்தால் 67 டிகிரி வந்த பிறகே அணைக்கும். அதற்குள் சூடு தாண்டிவிடும். பெட்டியில் உள்ள கருவி மூன்று கணக்குப் போடுகிறது. இப்பொழுது எவ்வளவு குறைகிறது, இதுவரை எவ்வளவு குறைந்து வந்திருக்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்து, குறியை நெருங்க நெருங்க மின்சாரத்தைச் சிறுகச் சிறுகக் குறைக்கிறது. அவர் பத்திரிகை படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அண்டை வீட்டுக்காரர் வருகிறார், பார்க்கிறார், சிரிக்கிறார். "பொத்தானை அமுக்கியது நீர், காய்ச்சியது பெட்டி. இதற்கு நான் கடையில் வாங்கிக்கொள்வேனே!"

இதற்கு நம் நண்பர் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டு. அந்த மூன்று கணக்கை இயந்திரம் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியியல் அறிஞர் கப்பலைத் தானாகத் திருப்பும் முறை பற்றி எழுதினார். கப்பல் வழி தவறிய அளவை மட்டும் மாலுமி கவனிப்பதில்லை; அது எந்த வேகத்தில் விலகுகிறது என்பதையும் கவனித்தே சுக்கானைப் பிடிக்கிறான் என்பதை அவர் பார்த்தார். மாலுமியின் கவனத்தைத்தான் கணிதமாக எழுதி வைத்தார். சூடேற்றும் கம்பிக்கும் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. கம்பியில் ஓடும் மின்சாரம் இரு மடங்கானால் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்ற விதியை 1841-இல் வெளியிட்டவர் ஜேம்ஸ் ஜூல். அவர் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த பிள்ளை! ஆகவே, பெட்டிக்குள் இருப்பது பல மனிதர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துச் சேர்த்து வைத்த கவனம்.

நல்ல பதில்தான். ஆனால் எனக்கு இது போதவில்லை. கடையில் விற்கும் பீருக்குப் பின்னாலும் அதே ஜூலும் அதே மினோர்ஸ்கியும் இருக்கிறார்கள். பிறருடைய கவனத்தை இரவல் வாங்கியவர் "நானே செய்தது" என்று எப்படிச் சொல்வது?

பெட்டியால் செய்ய முடியாதது எது என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது சூட்டை அளக்கும் கம்பி தன் இடத்திலிருந்து நழுவி வெளியே விழுந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது இப்பொழுது கொட்டகைக் காற்றின் சூட்டைச் சொல்கிறது. 25 டிகிரி. "ஐயோ, இன்னும் 42 டிகிரி குறைகிறதே" என்று கருவி முழு மின்சாரத்தையும் திறந்துவிடுகிறது. அண்டா கொதிக்கிறது, நொதிகள் சாகின்றன. கருவி தன் கடமையில் அணுவளவும் தவறவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை நம்பியது, நம்பியபடி செய்தது. சந்தேகப்படத்தான் அதற்குத் தெரியாது. "சற்று முன்பு 67 இருந்ததே, அதற்குள் எப்படி 25 ஆகும்?" என்று கேட்க, பத்திரிகையிலிருந்து தலை நிமிரும் ஒருவர் அங்கே வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக்குகளில் வருவது 120 வோல்ட். இந்த ஹீட்டருக்கு வேண்டியதோ 240 வோல்ட், சுமார் 23 ஆம்பியர். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு இதயத்தின் ஊடே பாய்ந்தாலே ஆள் பிழைப்பது அரிது. தண்ணீர், உலோகம், ஈரத் தரை, மின்சாரம் – நான்கும் கூடும் இடம் அது. அதனால் ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் ஒரு பச்சைக் கம்பி பூமியோடு சேர வேண்டும். போன மின்சாரத்துக்கும் திரும்பிய மின்சாரத்துக்கும் 5 மில்லி ஆம்பியர் அளவு வித்தியாசம் தெரிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும் சாதனமும் வைக்க வேண்டும்.

இப்பொழுது கவனியுங்கள். பச்சைக் கம்பியை இணைத்தாலும் இணைக்காவிட்டாலும் பீரின் ருசி மாறாது. பெட்டியின் விளக்குகள் அழகாக எரியும். பம்ப் ஓடும். மூடியைத் திருகி முடுக்கிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது வருகிற விருந்தாளி யாருக்கும் தெரியாது. பத்து வருஷம் அந்தக் கம்பிக்கு ஒரு வேலையும் இல்லாமல் போகலாம். பதினோராவது வருஷம் ஹீட்டரின் உறை வெடித்து, அவருடைய குழந்தை அண்டாவைத் தொடும் அந்த ஒரு நாளில்தான் அதற்கு வேலை. அந்த நாளை நினைத்து, இன்று யாரும் பாராத இடத்தில் ஒரு திருகாணியை இன்னும் அரைச் சுற்று முடுக்குகிறாரே, அந்த அரைச் சுற்றை எந்த இயந்திரமும் அவருக்காகச் செய்யாது.

காவல் காக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம். கொடுப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை; மனிதனின் கண் ஒரு மணி நேரத்தில் களைத்துவிடும், கருவியின் கண் களைக்காது. ஆனால் பதில் சொல்லும் பொறுப்பை அதனிடம் கொடுக்க முடியாது. கெட்டுப்போன பீருக்காகப் பெட்டி வெட்கப்படப் போவதில்லை.

இது பீர் காய்ச்சுகிறவருக்கு மட்டும் உரிய சேதி அல்ல. இன்று நம் அலுவல்கள் எத்தனையோ பெட்டிகளிடம் போய்விட்டன. முதியவர் ஒருவர் தம் கணக்கில் பணம் குறைகிறது என்று ஜன்னலருகே வந்து நிற்கிறார். "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது" என்று உள்ளே இருப்பவர் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது. அளக்கும் கம்பி நழுவி வெளியே விழுந்து கிடக்கிறதோ என்று எட்டிப் பார்ப்பது தம்முடைய வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான். முதியவர் படியிறங்கிப் போகிறார்.

ஆகவே, அண்டை வீட்டுக்காரரின் கேள்விக்கு என் விடை இதுதான். ஒரு பொருளை யார் செய்தார் என்று தெரிய வேண்டுமானால் எந்தக் கை கிளறியது என்று பார்க்க வேண்டியதில்லை. அது கெட்டால் யாருடைய தலை குனிகிறது என்று பாருங்கள். அந்தத் தலைக்கு உரியவர்தான் அதைச் செய்தவர். நன்றாக அமைந்தால் பெருமைப்பட்டுக்கொள்ளும் உரிமையும் அவருக்கே உண்டு.